ஊசி எடுத்த அளவு

அளவு எடுத்துவிட்டுச் சட்டை தைத்துத் தராத தையல்காரன் உலகத்திலேயே ஊசி ஒருத்தன்தான்.

ஊசி என்பது நாங்கள் வைத்த பெயர். கடையில் என்னோடு துணி வெட்டும் இன்னொரு மாஸ்டர். ஆளும் ஒல்லி, பேச்சும் குத்தும். பதினோரு வருஷமாக எனக்கும் அவனுக்கும் ஏழாம் பொருத்தம்.

விபத்தில் இரண்டு கால்களும் போய், ஆஸ்பத்திரிக் கட்டிலில் நான் முதல்முறை எழுந்து உட்கார்ந்த அன்று டேப்போடு வந்தான். எப்படி இருக்கே என்றுகூடக் கேட்கவில்லை. தோள், முழங்கை என்று அளந்து கடைச் சீட்டில் குறித்துக்கொண்டு போய்விட்டான்.

புதுச்சட்டை வருகிறது என்று என் மனைவி உருகிப் போனாள்.

எட்டு மாதமாகியும் சட்டை வந்தபாடில்லை.

இன்று சக்கர நாற்காலியில் கடைக்குத் திரும்பினேன். டாக்டர் இன்னும் ஆறு மாதம் ஓய்வு என்கிறார். மனைவிக்கு நான் வீட்டோடு கண்ணெதிரே இருந்தால் போதும். முதலாளி தங்கமானவர், பட்டன் தைக்கும் இடத்தில் எனக்கென்று ஃபேனே மாட்டிவிட்டார்.

எனக்குக் கத்தரிக்கோல்தான் வேண்டும். பட்டன் தைக்க மனசு ஒப்பவில்லை.

வெட்டிக் காட்டுகிறேன் என்று வீம்பாகச் சொல்லிவிட்டு மேசைக்குப் போனேன். நின்று வெட்டுகிற மேசை. என் மோவாய்க்கு வந்தது. துணியின் பாதிக்குமேல் கை எட்டவில்லை.

முதலாளி பட்டன் பக்கம் பார்த்தார். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

ஊசி மூலைக்குப் போனான். குவிந்து கிடந்த துண்டுத்துணியைத் தள்ளிவிட்டு, அடியிலிருந்து ஒரு குட்டை மேசையை இழுத்து வந்து என் முன்னால் போட்டான்.

"ஒரு இஞ்சு கூடத்தான் விட்டிருக்கேன். போட்டுப் பாரு, வேணும்னா பிடிச்சுக்கலாம்."

மேசைக்குக்கூடத் தையலுக்கு விடுகிற மாதிரி இடம் விட்டிருக்கிறான், பாவி. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. துணியை விரித்தேன். கை மறுமுனைவரை போயிற்று.

மேசை ஓரத்தில் எங்கள் கடைச் சீட்டு ஒட்டியிருந்தது. என் பெயர், என் அளவு. அச்சிட்டிருந்த சட்டை, பேன்ட் இரண்டையும் அடித்துவிட்டு, மேசை என்று எழுதியிருந்தான்.

தேதியைப் பார்த்தேன். நான் கட்டிலில் எழுந்து உட்கார்ந்த நாள்.

அன்றைக்கு, வேலைக்குத் திரும்புவேன் என்று நானே நினைக்கவில்லை.

முதல் வெட்டு ஊசியின் சட்டைக்குத்தான்.