நாலு சின்ன ஓட்டை

"வயித்தப் பெருசா வெட்டியே எடுத்துருங்க டாக்டர்," என்றாள் இர்ஃபானா.

வயது இருபத்தெட்டுதான். பித்தப்பை வீங்கி, வலியில் சுருண்டு கிடந்தாள். டாக்டர் கலாதேவி தூக்கமில்லாத கண்களைத் தேய்த்துக்கொண்டார்.

"எதுக்கு? நாலு சின்ன ஓட்டை போட்டே எடுத்துரலாம். மறுநாளே வீட்டுக்குப் போலாம். வெட்டினா வலி அதிகம் லா, தழும்பும் போகாது."

"பரவால்ல."

"ஓட்டைன்னா பயமா இருக்கா?"

"பயமெல்லாம் இல்ல."

வார்டு வாசலில் மாமியார் போனில் பேசிக்கொண்டிருந்தார். "சின்ன ஓட்டைதானாம். நாளக்கழிச்சு மருமக வந்து கறி ஆக்கிருவா. புந்தோங் சாப்பாட்டுக் கடைய மூட வேணாம் லா."

இர்ஃபானா குரலைத் தாழ்த்தினாள். "கேட்டீங்களா டாக்டர்? கல்யாணமாகி ஏழு வருஷம், ஒரு நாள் லீவு இல்ல. மாமிக்குக் கண்ணால பாத்தாத்தான் நம்பிக்கை. பெருசா வெட்டினாத்தான் நான் படுக்க முடியும்."

கலாதேவி வாசலில் நின்ற மாமியாரை ஒருமுறை பார்த்துவிட்டு ஆபரேஷனுக்குத் தயாராகப் போனார்.

ஆபரேஷன் முடிந்து கண் விழித்தபோது, மார்பிலிருந்து இடுப்புவரை வெள்ளைக் கட்டு. மாமியார் படுக்கை ஓரம் நின்று அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆறு வாரத்துக்கு அடுப்படிப் பக்கமே போகக்கூடாது," என்று அவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார் டாக்டர்.

இர்ஃபானா கட்டுக்குள் மெல்ல விரலை விட்டுத் தடவினாள். நாலே நாலு சின்ன பிளாஸ்டர்.