மூன்றடுக்கு கேரியர்

பழைய அணு ஆராய்ச்சிக் கூடத்தை அரசாங்கம் சுத்தம் செய்யத் தொடங்கிய பதினோராம் வருஷம், நீராவிக் குழாய்க்குப் பின்னால் அந்த எவர்சில்வர் டப்பா அகப்பட்டது. தொட்டதுமே துப்புரவு வேலையிலிருந்த பவளக்கொடியின் கையுறையில் பொருத்திய கதிர்வீச்சுமானி வீலென்று அலறியது. டப்பாவின் பக்கத்தில் பேர் வெட்டியிருந்தது: சு. மரகதம். அவளுடைய அம்மா.

அப்பா இங்கேதான் வேலை பார்த்தார். மதியச் சோறு சூடாக இருக்கட்டுமென்று, எல்லாரையும் போல அவரும் கேரியரை அந்தக் குழாய்மேல்தான் வைப்பார். ஒருநாள் மூன்றடுக்கில் ஓரடுக்கைத் தொலைத்துவிட்டு வந்து நின்றார். சீர்ப் பாத்திரமாயிற்றே! அவர் கண்ணை மூடும்வரை அம்மா அதைச் சொல்லிக்காட்டினாள்.

"டிரம்முல போட்டு மூடுங்கக்கா," என்றான் மேற்பார்வையாளன் அன்சாரி. "இனி முன்னூறு வருஷத்துக்கு அதை யாரும் தொடக் கூடாது."

"மத்த ரெண்டு அடுக்கும் எங்க வீட்ல இருக்கு தம்பி."

"புழக்கத்துலயா?"

காலையில் அதில் ஒன்றில்தான் பவளக்கொடி தன் மகளுக்குத் தயிர்சாதம் கட்டிக் கொடுத்திருந்தாள்.

டப்பாவை டிரம்முக்குள் இறக்கிவிட்டு, என்றைக்கோ போய்ச்சேர்ந்த அப்பாவிடம் கேட்டாள்:

"மூணையுமே மறந்துட்டு வந்திருக்கக் கூடாதாப்பா?"