நிற்கிற விமானத்துக்கு முன்னால் மலை

"மலை! மேலே ஏறு! மலை! மேலே ஏறு!" என்று காக்பிட்டில் அந்தக் கட்டைக்குரல் மறுபடியும் கத்த ஆரம்பித்தது.

இடப்பக்க ஸீட்டில் இருந்தவள் கண்ணாடி வழியே எட்டிப் பார்த்தாள். மலையும் இல்லை, மடுவும் இல்லை. விமானம் ரன்வேயில் தேமே என்று நின்றுகொண்டிருந்தது.

விமானம் என்றால் நிஜ விமானம்கூட இல்லை. பயிற்சிக்கூடத்தில் இரும்புக் கால்களின் மேல் நிற்கும் சிமுலேட்டர். கண்ணாடிக்கு அப்பால் தெரிகிற ரன்வே வெறும் படம். மற்றபடி பட்டன், விளக்கு, அலறல் எல்லாம் அச்சு அசல்.

துணை விமானியாகவே காலம் தள்ளியவளுக்கு இன்று கேப்டன் பரீட்சை, அதுவும் இரண்டாம் தடவை. போன தடவை கோட்டைவிட்டதை மாமியாரிடம் சொல்ல அவளுக்கும் தைரியம் வரவில்லை, அவள் புருஷனுக்கும் வரவில்லை. அந்த அம்மாவோ மாடி வீடு, எதிர் வீடு என்று ஒன்று விடாமல் "எங்க மருமக கேப்டன் ஆயிட்டா" என்று சொல்லிவிட்டு வந்திருந்தார். இன்றைக்காவது அதை உண்மையாக்கியே தீர வேண்டும்.

பின்னால் உட்கார்ந்து, கம்ப்யூட்டரில் கோளாறுகளைத் தட்டிவிடுகிறவர்தான் பரீட்சை வைப்பவர். வந்தவர்களுக்கெல்லாம் முட்டை போடுவதால் முட்டை சார் என்று பெயர். ஆரம்பிக்கிறேன் என்று ஒரு வார்த்தை சொல்கிற பழக்கம் அவருக்குக் கிடையாது. போன தடவை அவள் ஸீட்டை முன்னால் நகர்த்திக்கொண்டிருந்தபோதே இன்ஜினில் தீ வைத்துவிட்டார். என்ன ஏது என்று பார்ப்பதற்குள் பரீட்சை போயே போச்சு.

அதனால் இன்று ஏறி உட்காரும்போதே உஷாராக இருந்தாள். பெல்ட்டைக்கூட மாட்டவில்லை, முதல் விளக்கு எரிந்துவிட்டது. நிற்கிற விமானம் முந்நூறு கிலோமீட்டர் வேகத்தில் பறக்கிறது என்றது வேகமானி. பக்கத்திலிருந்த மாற்று மானியைப் பார்த்தாள், பூஜ்யம். அதையே நம்பினாள்.

அடுத்து, சக்கரம் இறங்கவில்லை என்று ஒரு ஹாரன். சக்கரத்தின் மேல்தானே ஐயா நிற்கிறோம்! அப்புறம்தான் இந்த மலை. எச்சரிக்கைக் கருவியே பொய் சொன்னால் என்ன செய்வாய் என்பதுதான் இன்றைய கேள்வி என்று அவளுக்குப் புரிந்துபோயிற்று. ஒவ்வொன்றையும் சரிபார்த்து, இதை நம்ப வேண்டாம் என்று பின்னால் கேட்கும்படி உரக்கச் சொன்னாள்.

முட்டை சார் கீபோர்டை டொக்டொக்கென்று குத்திக்கொண்டே போனில் யாரிடமோ முணுமுணுத்துக்கொண்டிருந்தார். பாவி மனுஷன், அடுத்து எதைத் தட்டலாம் என்று யோசனை வேறு கேட்கிறார் போல.

இத்தனை பொய் சொல்லும் விமானத்தைக் கிளப்ப முடியாது, திரும்பிவிடலாம் என்று அவள் முடிவு சொன்ன அதே நேரம், புகை என்று சிவப்பு விளக்கு ஒன்று கண்ணைச் சிமிட்டியது.

வலப்பக்கத்தில் துணை விமானியாக உட்கார்ந்திருந்த தம்பி அலட்டிக்கொள்ளவில்லை. "இதுவும் புலி வருது கதைதான்க்கா. அணைச்சிடவா?"

அவள் கையைக் காட்டித் தடுத்தாள். பொய்யை நம்பி விமானம் முழுக்க இருக்கிற ஜனத்தை இறக்கிவிட்டாலும் முட்டை. நிஜத்தைப் பொய்யென்று விட்டாலும் முட்டை. மூக்கை உறிஞ்சிப் பார்த்தாள். வயர் கருகுகிற நாற்றம் லேசாக வந்தது. அடேயப்பா, நாற்றம்கூட விடுகிறாரே என்று அந்த மனுஷன்மேல் மரியாதையே வந்துவிட்டது.

கருவி பொய் சொல்லும், மூக்கு சொல்லாது. மின்சாரத்தை மொத்தமாக அணைத்துவிட்டு எழுந்தாள்.

"எல்லாரும் இறங்குங்க. எதையும் எடுக்காதீங்க."

தம்பி இறங்கிவிட்டான். முட்டை சார் இறங்குவதாக இல்லை. ஒரு நிமிஷம் இரும்மா, இந்த ஸ்கிரீன் என்று இழுத்தார். பிறகு சாவகாசமாகக் குனிந்து தன் பையைத் தேடினார். அவளுக்கு உடனே விளங்கிவிட்டது. தீயே பிடித்தாலும் பெட்டியை விடமாட்டேன் என்கிற பயணி இருப்பார் இல்லையா, அவரை மாதிரியே நடிக்கிறார். இதில் ஏமாந்தால் அவள் கேப்டனா?

பையைப் பிடுங்கிக் கீழே போட்டாள். "பை பெரிசா, உசிரு பெரிசா? நடங்க சார்!" என்று முதுகில் கையை வைத்து வாசலுக்கு வெளியே ஒரே தள்ளு. ஒரு கேப்டன் செய்ய வேண்டியபடி, உள்ளே யாரும் இல்லை என்று பார்த்துவிட்டுக் கடைசியாகத் தானும் இறங்கினாள்.

வெளியே நடைபாலத்தில் நின்று திரும்பிப் பார்த்தால், வாசல் வழியாகப் புகை குபுகுபுவென்று வந்தது. சிவப்பு சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு மெக்கானிக்குகள் ஓடி வந்தார்கள். ஒரு பரீட்சைக்கு இவ்வளவு ஏற்பாடா என்று அவளுக்கே கூச்சமாகப் போய்விட்டது.

அப்போதுதான் முட்டை சாரின் சட்டையைக் கவனித்தாள். மேல் பட்டன் பிய்ந்து போயிருந்தது. பரீட்சை வைக்கிறவரையே பிடித்துத் தள்ளியிருக்கிறோம் என்பது மெல்ல உறைத்தது. மாமியாரின் முகமும் மாடி வீட்டு முகங்களும் வரிசையாக வந்து போயின.

"தள்ளினதுக்கு மன்னிச்சிடுங்க சார். நான் பாஸா... முட்டையா?" பயத்தில் நாக்கு உளறிக்கொட்டியது.

அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு இருமி முடித்தார். புகையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். பிறகு அவள் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"பாஸ்தாம்மா. ஆனா பரீட்சையை நான் இன்னும் ஆரம்பிக்கவே இல்லையே."