அடியோட எடுத்துடுங்க

1989. புதுச்சத்திரத்துக்குப் பக்கத்தில் இருந்த சென்னியப்பனின் நூல் மில்லில் நான்கு கம்ப்யூட்டர்களை ஒயர் போட்டு இணைத்தாயிற்று. அவற்றை ஒன்றோடொன்று பேசவைக்கும் டிரைவர் புரோகிராமை எழுதிய கந்தப்பனுக்குப் பெருமை தாங்கவில்லை.

"இந்த ரூமிலிருந்தே எந்த மேசையோட திரையையும் நீங்க பாக்கலாமுங்கய்யா. அங்க உக்காந்திருக்கறவங்களுக்குத் தெரியவே தெரியாதுங்க."

"அந்த வசதி வேண்டாமுங்க தம்பி" என்றார் சென்னியப்பன்.

"அப்ப நிறுத்தி வெச்சிடறேன். வேணுங்கறப்ப நீங்களே போட்டுக்கலாம்."

"அப்படி வேண்டாம். அடியோட எடுத்துடுங்க."

"எடுத்துட்டா, சேலத்திலிருந்து நான் வந்து மறுபடி புரோகிராமை எழுதிக் கம்பைல் பண்ணிப் புதுசாப் போட்டாத்தானுங்க உண்டு."

"நல்லதாப் போச்சு."

குமாஸ்தா எவனாவது திருட்டுத்தனமாகப் போட்டுப் பார்த்துவிடுவான் என்று பயப்படுகிறார் போலும் என்று கந்தப்பன் நினைத்தான்.

"பாஸ்வேர்டு வெச்சுத் தாரேனுங்க. உங்களைத் தவிர ஒருத்தருக்கும் தெரியாது."

"எனக்குத் தெரியுமில்லீங்க?"

சென்னியப்பன் பக்கச் சுவரைக் காட்டினார். அதில் ஒரு சதுரம் மட்டும் புதுப்பூச்சாக இருந்தது.

"அங்க கண்ணாடிச் சன்னல் இருந்துச்சுங்க. அந்தப் பக்கம் எம்பையன் மேசை. பாக்கக் கூடாதுன்னு நானேதான் துணித் திரை போட்டேன். அப்புறம் நாளெல்லாம் ஒதுக்கி ஒதுக்கிப் பாத்தேன். ஒரு நாள் பாத்தா நாற்காலி காலி. சொல்லாமக் கொள்ளாம ஈரோட்டுல வேற மில்லுக்கு வேலைக்குப் போயிட்டான்."

கந்தப்பன் புரோகிராமில் அந்த வசதிக்கான வரிகளை அழிக்கத் தொடங்கினான்.

"இன்னிக்கே முடிஞ்சிருமுங்களா?" என்றார் சென்னியப்பன். "நாளைக்குக் காத்தால அவன் திரும்பி வாரான்."