சங்கிலி ஜெபம்

முழங்கால் வலித்ததுதான் மிச்சம். ஜெபம் வரவில்லை.

அவள் மறுபடியும் கண்ணை மூடினாள்.

"அன்பும் இரக்கமுமுள்ள எங்கள் பரம தகப்பனே, இந்த மத்தியான வேளைக்காக உமக்கு ஸ்தோத்திரம். எங்களை இம்மட்டும் நடத்தி வந்த கிருபைக்காக..."

நிறுத்தினாள்.

வாய் தன் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. மனசு, வீட்டில் ஊறப்போட்ட உளுந்தைப் பார்க்கப் போயிருந்தது.

எங்களை என்கிறாள். ஆலயத்தில் அவளைத் தவிர ஒருவரும் இல்லை. மேலே மின்விசிறி கடக் கடக்கென்று சுற்றிக்கொண்டிருந்தது.

உபவாச வாரம். காலையிலிருந்து பொழுது சாயும்வரை சங்கிலி ஜெபம். மணிக்கு ஒருவராக வந்து தனியாக ஜெபிக்க வேண்டும். அடுத்தவர் வந்து முழங்கால் போட்ட பிறகுதான் முன்னவர் எழும்பலாம். நடுவில் ஜெபம் நின்றால் சங்கிலி அறுந்த மாதிரி.

பெண்கள் ஐக்கியச் சங்கத்தில் எழுந்து நின்று அதைக் கண்டிப்பாகச் சொன்னவளே அவள்தான்.

ஊரில் ஜெபம் என்றால் அவள்தான். பால் காய்ச்சும் வீடோ, பிரசவத்துக்குப் போகிற பெண்ணோ, அவளுக்குத்தான் ஆள் வரும். அவள் குரல் உடைகிற இடத்தில் கேட்கிறவர்களுக்கும் கண் கலங்கும். சித்தி ஜெபத்தை ஆரம்பித்தால் சோறு ஆறிப்போகும் என்று இளவட்டங்கள் கேலி பேசுவார்கள். அதிலும் அவளுக்கு உள்ளூரச் சந்தோஷம்தான்.

இன்றைக்கு ஆமென் சொல்ல ஆள் இல்லை.

கண்ணீரும் வரவில்லை.

இத்தனை வருஷமாக நான் யாரிடம் பேசிக்கொண்டிருந்தேன்?

கொஞ்ச நாளாகவே இந்தக் கேள்வி அவளை அரித்துக்கொண்டிருந்தது. அதனால்தான் ஆள் நடமாட்டம் இல்லாத இந்த நேரத்தைக் கேட்டு வாங்கியிருந்தாள். யார் காதிலும் விழாமல், ஒரே ஒரு வார்த்தையாவது ஆண்டவரிடம் மனசாரப் பேசிவிட வேண்டும். அதுகூட முடியவில்லை என்றால், இதுவரை அவள் ஜெபித்ததே இல்லை.

திரும்ப ஆரம்பித்தாள். திரும்பவும் அதே தகப்பனே, அதே கிருபை. பஜாரில் கூவி விற்கிறவனுக்கு வருகிற மாதிரி, தடங்கல் இல்லாமல் வந்தது.

அவளுக்கு ஆத்திரமாக வந்தது. பாயை ஓங்கி ஒரு அடி அடித்தாள். தூசிதான் எழும்பியது.

அவளுடைய நேரம் முடிந்துவிட்டது. அடுத்து வர வேண்டிய பெனிட்டாவைக் காணோம்.

எழும்பவும் முடியாது. இருந்தும் பிரயோஜனம் இல்லை.

வெகுநேரம் கழித்து, வாசலில் முதலில் பிள்ளையின் அழுகைதான் கேட்டது. பிறகு பெனிட்டா வந்தாள். போன வருஷம் ஊருக்குக் கல்யாணமாகி வந்த பெண். புருஷனுக்குச் சென்னையில் கடை வேலை. மாமியார் ஒரு துஷ்டி வீட்டுக்குத் துக்கம் கேட்கப் போயிருந்தாள். தோளில் கிடந்த பிள்ளை வீறிட்டுக்கொண்டிருந்தது. தலை சீவியிருக்கவில்லை. சேலையில் பால் கறை.

"சங்கிலின்னா வெளையாட்டுன்னு நெனச்சியாட்டி?"

பெனிட்டா தலையைக் குனிந்துகொண்டாள்.

"நாலு நாளா ராத்திரி பூரா அழுதான் சித்தி. எனக்கு உங்கள மாதிரி ஜெபம் பண்ணவும் வராது. இயேசப்பான்னு கூப்பிடுவேன். பொறவு என்ன சொல்லன்னு தெரியாது. அதான் வரதுக்கே பயந்துகிட்டுக் கெடந்தேன்."

பெனிட்டாவுக்குச் சொல்வதற்குப் புத்திமதி நிறைய இருந்தது. எல்லாம் நாக்கு நுனி வரை வந்தது.

"பிள்ளைய இங்க கொண்டா. நீ போய் முழங்கால் போடு."

வெளியே பூவரசமர நிழலில் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தாள். அது அவள் காதுக்குள்ளேயே கத்தியது. அதன் வயிறு கல்லு மாதிரி இருந்தது. முதுகைத் தடவிக்கொண்டே அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்குமாக நடந்தாள். முழங்கால் விண்விண்ணென்று தெறித்தது. தன்னுடைய ஒரு மணி நேரமும் வீணாய்ப் போயிற்று என்ற எரிச்சல் இன்னும் அடங்கவில்லை.

பிள்ளையிடமிருந்து ஒரு பெரிய ஏப்பம் வந்தது. அவள் கழுத்து நனைந்தது.

பிள்ளை மெல்ல அடங்கியது.

அப்போதுதான் கவனித்தாள். உள்ளேயும் ஒரு சத்தமும் இல்லை.

ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள். முழங்கால் போட்டபடியே பெனிட்டா பாயில் முகம் புதைத்துக் கிடந்தாள். வாய் லேசாகத் திறந்திருந்தது. முதுகு ஏறி ஏறி இறங்கியது. சின்னதாக ஒரு குறட்டை.

சங்கிலி அறுந்துவிட்டது.

எழுப்ப வேண்டும். எழுப்புவதற்காகத்தான் ஜன்னல் கம்பியைப் பிடித்தாள். வாயையும் திறந்தாள்.

"ஆண்டவரே, பாவம், இவ கொஞ்ச நேரம் தூங்கட்டும்."

கண்ணை மூடவில்லை. குரல் உடையவில்லை. தோளில் கிடந்த பிள்ளைக்குக்கூடக் கேட்டிருக்காது.

கம்பியிலிருந்து கையை எடுத்துவிட்டு, பிள்ளையின் முகத்தில் வெயில் படாமல் திரும்பி நின்றுகொண்டாள்.

அடுத்த முறைக்காரர், பாடகர் குழுவின் தங்கதுரை, சைக்கிளை மரத்தில் சாய்த்துவிட்டு வந்தார். வேதாகமம் கக்கத்தில் இருந்தது. நேரமாகிவிட்டதே, உள்ளே யாருடைய சத்தத்தையும் காணோமே என்று கேட்டுக்கொண்டே படியேறினார்.

அவள் உதட்டில் விரலை வைத்தாள்.

"மெதுவாண்ணே. உள்ள ஜெபம் நடக்கு."

அவர் ஜன்னல் வழியாகப் பார்த்தார். திரும்பி அவளைப் பார்த்தார்.

செருப்பை ஓசைப்படாமல் கழற்றிவிட்டு, வெளிப்படியிலேயே முழங்கால் போட்டார்.