தருமனின் படிப்புச் செலவு

"கல்யாணமாகாதவனுக்குப் பாடு கிடையாது. அவ்ளோதான்" என்றார் கோட்டைக்குப்பத்தின் ஊர்த்தலைவர் நாகப்பன்.

கங்காதரனும் சுப்பராயலுவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இருவரும் சின்ன வயதில் ஒல்லாந்தர் கோட்டைப் பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள். அந்த நாலெழுத்தால் கங்காதரன் கோட்டைக் கிடங்கில் எழுத்து வேலை பார்க்கிறார். சுப்பராயலு கப்பலுக்குச் சரக்கு ஏற்றும் படகுகளுக்கு மேஸ்திரி. அதே பள்ளியில் முதலாவதாக நிற்கும் தருமனைக் கொழும்பில் மேல்படிப்புக்கு அனுப்ப முடிவுசெய்திருந்தார்கள். இருபது வயது. இடம் கிடைத்தாயிற்று. பன்னிரண்டு நாளில் கப்பல். மூன்று வருஷச் சாப்பாட்டுக்கும் துணிக்கும்தான் வழி வேண்டும்.

அதற்காக அவர்கள் கொடுக்க வந்தது பாடு. ஏரியில் இறால் ஓடும் இடத்தில் முறை வைத்து வலை கட்டும் உரிமை. மாதத்தில் ஆளுக்கு இரண்டு முறை தருமன் பேருக்கு. அவன் தாய்மாமன் வலை கட்டுவான்.

"எங்க முறையைத்தானே குடுக்கறோம்? உன் வூட்டுதையா கேட்டோம்?" என்றார் சுப்பராயலு.

"குடு, யாரு வேணான்னா? குடும்பஸ்தன் பேருக்குக் குடு. மாத்தினா மாத்தினதுதான், அப்பால திரும்பக் கேக்கக் கூடாது. இவன் நைனா காட்டூர்லேர்ந்து வந்த ஆளு. அந்தாளுக்கே கடைசி வரைக்கும் பாட்டுல பங்கில்ல."

"அப்போ காசாவே குடுத்துடலாம்" என்றார் கங்காதரன்.

ஓரமாக நின்ற தருமன் தலை நிமிராமல் சொன்னான். "காசு வேணாம் மாமா. இந்த வருஷம் குடுப்பீங்க. அடுத்த வருஷம் உங்க வூட்ல ஒரு செலவு வரும். நான் அங்க பட்டினி கெடப்பேன். பாடுன்னா எப்பவும் வந்துக்கினே இருக்கும்."

"படிச்ச புள்ளை பேசறான் பாரு" என்றார் சுப்பராயலு.

"அப்போ கல்யாணம் பண்ணி வையி" என்றார் நாகப்பன். கிண்டலுக்குத்தான் சொன்னார். வேறு யாரும் சிரிக்கவில்லை.

"பன்னெண்டு நாள்ல எவன் பொண்ணு குடுப்பான்?" என்றார் கங்காதரன்.

அந்நேரம் அங்கே வந்த தருமனின் தாய் முனியம்மாள் மீன்கூடையைத் தலையிலிருந்து இறக்கினாள். "இருசம்மா பொண்ணு ராஜாத்தியைத் தை மாசமே கேட்டோம். பங்கில்லாதவனுக்குக் குடுத்துட்டு ஏரிச் சேத்தையா திங்கறதுன்னு தொரத்திட்டா."

"பங்கிருந்தா பொண்ணு, பொண்ணிருந்தா பங்கு. நல்லா இருக்குதுய்யா நம்ம ஊரு!" என்றார் சுப்பராயலு.

எல்லோருமாக இருசம்மாள் வீட்டுக்குப் போனார்கள்.

"இவன் மூணு வருஷம் கொழும்புல குந்திக்கினு இருப்பான். எம் பொண்ணு இன்னா பண்ணுவா, அண்ணே?" என்றாள் அவள்.

"நம்ம குப்பத்து ஆளு ஒருத்தன் கோட்டையில பெரிய வேலைக்குப் போவான் இருசம்மா. அதுவரைக்கும் மாசம் நாலு முறை வலை இருக்குது" என்றார் சுப்பராயலு.

இருசம்மாள் உள்ளே திரும்பிப் பார்த்தாள். ராஜாத்தி மீன் ஆய்ந்துகொண்டிருந்த சத்தம் நின்றுபோயிருந்தது.

"நாலு முறையை ஆறாக்குங்க. நாளன்னைக்கே தாலி கட்டட்டும்."

ஆறானது.

திரும்பும் வழியில் கங்காதரனுக்கு மனசு கேட்கவில்லை. "உனக்கு இஷ்டமாடா? நாங்க பாட்டுக்கு முடிவு பண்ணிட்டோம்."

"இன்னா மாமா பண்றது" என்றான் தருமன். "படிப்புக்காகன்னு நெனச்சுக்கறேன்."

சுப்பராயலு துண்டால் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

மூன்றாம் நாள் தாலி கட்டினான். அன்று சாயங்காலமே நாகப்பன் ஊரைக் கூட்டி, கற்பூரம் ஏற்றி, ஆறு முறையையும் அவன் பேருக்கு மாற்றினார்.

கப்பலுக்கு இரண்டு நாள் இருக்கும்போது தருமனின் துணிமூட்டையைத் தானே சுமந்துகொண்டு கங்காதரன் கோட்டைப் பள்ளிக்கூடத்துக்குப் போனார். வாத்தியார் சின்னப்பன் பயணச் சீட்டு எழுதிக்கொண்டிருந்தார்.

"கல்யாணத்துக்குக் கூப்பிடலைன்னு கோச்சிக்காதீங்க. எல்லாம் அவசரத்துல ஆயிப்போச்சு."

"யார் கல்யாணம்?"

"நம்ம தருமன் கல்யாணம்தான்."

வாத்தியார் எழுதுவதை நிறுத்தினார். "கொழும்புல கல்யாணமானவனைச் சேர்க்க மாட்டாங்களே!"

"எப்பலேர்ந்து?"

"எப்பவுமே அப்படித்தான். ரெண்டு மாசத்துக்கு முன்னாடி தருமன் வந்து இதைத்தான் கேட்டான். நெசமாத்தானான்னு இன்னொரு தடவை கேட்டுட்டு, சிரிச்ச மொகமா எழுந்து போனான்."