கதவில் கீறிய பேர்

"எவன் எழுதினான்னு உனக்குத் தெரியாதா பாண்டு? பேரு உம் பொண்டாட்டி பேரு!"

ஏகாம்பரம் குடைக் காம்பால் கார்க் கதவைக் காட்டினார். கறுப்பு அம்பாசடர். முன்கதவில் கைப்பிடிக்குக் கீழே, கூரான எதையோ கொண்டு கீறிய நாலே எழுத்து. அம்முலு.

பாண்டுரங்கனுக்குக் காது மடல் சுட்டது. உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் பெயிண்ட் ஷெட் போட்டிருக்கிறவன் அவன். ஏகாம்பரமோ அவன் ஊரின் பெரிய நிலக்காரர். காலனிக்கு ஒரு தெருவிளக்கு வேண்டுமானாலும் மனு அவர் கையால்தான் போக வேண்டும். அவர் எதிரில் அவன் ஒருநாளும் குரலை உயர்த்தியதில்லை.

"முந்தாநேத்து அடிபம்பு மனுவுக்காக உங்க காலனிக்கு வந்தேன். எல்லார்கிட்டயும் கைநாட்டு வாங்கிக்கினு திரும்பறேன், கதவுல இந்த வேலை! எவனோ அவ மேல கிறுக்குப் புடிச்சவன். நாலு மணிக்கு வருவேன். கோடு இருந்த எடம் தெரியக் கூடாது. மெட்ராஸ்ல அடிக்கறாப்ல மேல பளபளப்புக்குக் கிளியரும் அடி. எவன்னு அவளக் கேட்டு வை. இல்லன்னா ஞாயித்துக்கெழம ஊரக் கூட்டி, அவள நடுவுல நிக்க வெச்சி நானே கேப்பேன்."

அவர் போனதும் அம்முலு வாளியோடு வந்தாள். ஷெட்டில் தண்ணீர் ஊற்றுவதும் துடைப்பதும் அவள் வேலை.

"யாருடி அவன்?"

"நீ தேய்யி. வெயிலு ஏறுது."

கோபம் வந்தால் வேலை கெடும் என்பார்கள். அன்று பாண்டுரங்கனுக்குக் கோபம்தான் வேலை செய்தது. வாட்டர் பேப்பரை நனைத்து அரக்கி அரக்கித் தேய்த்தான். தேய்த்துக்கொண்டே எழுத்தையும் ஆராய்ந்தான். நம்பர் பிளேட் எழுதுகிறவன் ஆயிற்றே, கையெழுத்து பார்த்தால் ஆளைச் சொல்லிவிடுவான். 'அ' தொப்பை பெருத்துக் கிடந்தது. 'லு' ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. நன்றாகப் படித்தவனாக இருக்க முடியாது. அரைகுறைப் படிப்புக்காரன் எவனோ. அவனுக்குச் சட்டென்று டவுன் பஸ் கண்டக்டர் ஞாபகம் வந்தது. அம்முலு ஏறினால் மட்டும் உட்கார இடம் ஒழித்துக் கொடுக்கிற ஆள்.

"கண்டக்டர் கிருஷ்ணசாமிதான?"

அம்முலு சிரித்துவிட்டாள். "அந்த ஆளா? டிக்கெட்டு கிழிக்கத்தான் லாயக்கு."

அந்தச் சிரிப்பு அவனைச் சுட்டது. எட்டு வருஷம் ஒரே தட்டில் சாப்பிட்டவள், இன்று வாயைத் திறக்க மாட்டேன் என்கிறாளே!

"சொல்லித் தொலையேன்டி. நான் இன்னா உன்ன வெட்டவா போறேன்?"

"நாலு மணிக்கு அவரு வரட்டும். அவரு மூஞ்சிக்கு நேராவே சொல்றேன்."

"எம் மானம் போவும்டி!"

"போவாது. வேலயப் பாரு."

கீறலை அடைக்கப் பட்டி இழுத்தான். காய்ந்ததும் மறுபடி தேய்த்தான். பிரைமர் அடித்தான். புழுதி கிளம்பாமல் இருக்க அம்முலு தரையெல்லாம் தண்ணீர் தெளித்தாள். பிறகு கறுப்புப் பெயிண்ட், மூன்று கை. ஒவ்வொரு கைக்கும் நடுவில் அவளைத் திரும்பிப் பார்த்தான். அவள் முகத்தில் பயமும் இல்லை, அழுகையும் இல்லை.

கிளியர் அடிக்கும்போது அவன் ஒரு முடிவுக்கு வந்திருந்தான். இவள் மனசில் எவன் வேண்டுமானாலும் இருந்துவிட்டுப் போகட்டும், ஆனால் ஊர் நடுவில் இவளை நிற்கவிடுவதில்லை.

நாலு மணிக்கு ஏகாம்பரம் வந்தார். குனிந்து கதவைப் பார்த்தார். பளபளவென்று அவருடைய மீசைதான் தெரிந்தது, நாலு எழுத்தில் ஒரு புள்ளிகூடத் தெரியவில்லை.

"பலே! சரி, எவன் அவன்?"

பாண்டுரங்கன் கையிலிருந்த துணியைக் கீழே வைத்தான். "நான்தாங்க. பொண்டாட்டி பேராச்சேன்னு ஏதோ ஆசையில... இன்னா தண்டன வேணா குடுங்க. அவள ஒண்ணும் கேக்காதீங்க."

அம்முலு அவனையே பார்த்தாள். முதல்முறையாக அவள் கண் கலங்கியது. புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"பொய்யி சொல்றாருங்க. எனக்காவ சொல்றாரு. அத எழுதினது நானு."

"நீயா?" ஏகாம்பரம் விழுந்து விழுந்து சிரித்தார். "உனக்கு எழுதக் கூடத் தெரியுமா?"

அம்முலு பாண்டுரங்கன் பக்கம் திரும்பி, "நம்ம காலனிப் பள்ளிக்கூடத்து மார்த்தாள் டீச்சர் சொல்லிக் குடுத்தாங்கய்யா. இப்பத்திக்கி எம் பேரு மட்டுந்தான் வரும். காலையிலயே சொல்லியிருந்தா, என்னப் பேச வுடாம வூட்டுக்கு அனுப்பியிருப்ப" என்றாள்.

பிறகு ஏகாம்பரத்தை நேராகப் பார்த்தாள்.

"இதே சிரிப்புதாங்க முந்தாநேத்தும் சிரிச்சீங்க. மனுவுல பேரு எழுதறேன்னு சொன்னேன். 'எங்க எழுது, பாக்கலாம்'னு சொல்லிக்கினே எங் கட்டவெரலப் புடிச்சி மையில அமுக்கினீங்க. பேப்பரு குடுக்கல, அதான் எதுருல இருந்ததுல எழுதினேன். அந்த மனுவ எடுங்க, கைநாட்ட அடிச்சிட்டுப் பேர எழுதறேன். இல்லன்னா, வண்டியில இன்னும் மூணு கதவு கீது!"